கேமராவுக்கு வைத்த பொட்டு

நான் இழுத்த கம்பிகள்

வாடிப்பட்டிப் பக்கம் இன்றைக்கு ஓடுகிற அரிசி மில்களில் பாதிக்கு மோட்டார் லைன் கொடுத்தது நான். திருநகரில் கல்யாண மண்டபம் கட்டியவர்கள் கொத்தனாரைப் பார்க்கும் முன்னால் என்னைப் பார்த்தார்கள். பரவை மார்க்கெட்டில் கரண்ட் போனால் ஏலம் நிற்கும், காய் வாடும் என்ற நிலைமை இருந்தது. அங்கே முதல் ஜெனரேட்டரை இறக்கி, தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் கேபிள் புதைத்தவனும் நான்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஐ.டி.ஐ. வாசலை மிதித்ததில்லை. லைசென்ஸ் வாங்கப் போன இடத்தில், "உனக்கெல்லாம் எதுக்குய்யா?" என்று கேட்டு உட்காரக்கூட விடாமல் அனுப்பினார்கள். இப்போது ஐ.டி.ஐ. முடித்தவர்கள் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். தற்பெருமை என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். வேறு யார் வந்து என்னைப் பற்றிச் சொல்லப்போகிறார்கள்?

இதை எழுதக் காரணம், கடைசியாக நடந்த தேர்தல். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

கரண்ட் வேண்டாத அறை

ஊர் முழுக்க எனக்குக் கரண்ட் கொடுக்கிற வேலை. தேர்தலில் மட்டும் கரண்டை எடுக்கச் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

ஓட்டு முடிந்ததும் மெஷின்கள் எல்லாம் ஒரு கல்லூரிக் கட்டடத்துக்கு வந்துவிடும். அவற்றை வைத்துப் பூட்டுகிற அறைக்கு ஸ்ட்ராங் ரூம் என்று பெயர். அறைக்குள் ஒரு பல்பு இருக்கக் கூடாது, ஒரு பிளக் பாயிண்ட் இருக்கக் கூடாது. ஷார்ட் சர்க்யூட் ஆகித் தீப்பிடித்தால் அத்தனை பேர் ஓட்டும் சாம்பல். அதனால் அந்த அறைக்குப் போகும் லைனை மெயினிலேயே வெட்டி, முனையைச் சுற்றி ஒட்டிவிட்டு வெளியே வருவேன். பிறகு கதவைப் பூட்டி, அரக்கு வைத்து, கட்சி ஏஜெண்டுகள் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு ஒட்டுவார்கள். கதவுக்கு முன்னால் துப்பாக்கியோடு வெளி மாநிலத்துக் காவலர்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது.

வெளியே இருக்கிறதெல்லாம் என் பொறுப்பு. கேமரா, ஜெனரேட்டர், வாசல் பக்கம் ஏஜெண்டுகள் உட்காரும் பந்தல், அந்தப் பந்தலில் ஒரு பெரிய டி.வி. கதவை அந்த டி.வி.யில் பார்த்துக்கொண்டே அவர்கள் எண்ணுகிற நாள் வரை காவல் இருப்பார்கள்.

"அண்ணே, நீங்க குடுக்குற கரண்ட்ல ஓட்டு கிட்டு மாறிறாதுல்ல?" என்று கேட்காத ஏஜெண்டு கிடையாது. "மாப்ள, அது பேட்டரியில ஓடுற மெஷினு. என் கரண்ட்டு அந்தச் செவத்துக்கு இந்தப் பக்கம்தான். நீ டீயக் குடி" என்பேன்.

என் வேலைக்கு வலது கை பிர்ஜு. ஜார்க்கண்ட் பக்கத்து ஆள். பரவையில் பாலம் கட்ட வந்த கூட்டத்தில் மண் சுமந்துகொண்டு இருந்தவன். ஒருநாள் அறுந்து கிடந்த கேபிளை நான் ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றான். மறுநாளும் வந்து நின்றான். சேர்த்துக்கொண்டேன். பெண்டாட்டியைக் கூட்டிவந்தான். பிள்ளைகள் இங்கேதான் பிறந்தன, இங்கேதான் படிக்கின்றன. பரவையில் வயலாக இருந்து பிளாட்டாக மாறிய இடத்தில் வீடு. இந்த முறை அவனுக்கு இங்கே ஓட்டு வந்தது. ஓட்டுப் போட்டுவிட்டு மை வைத்த விரலை என் முகத்துக்கு நேரே நீட்டி, "முதலாளி, நானும் மதுரக்காரன்" என்று சிரித்தான்.

என்னிடம் ஒரு சட்டம் உண்டு. புதிதாக எந்தச் சாமானை மாட்டினாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் சுவிட்சைப் போடக் கூடாது. ஜெனரேட்டருக்கு வைப்போம், போர்டுக்கு வைப்போம். பிர்ஜு இந்த விஷயத்தில் என்னையும் மிஞ்சியவன். ஸ்ட்ராங் ரூம் வராந்தாவில் கதவைப் பார்த்து மாட்டிய கேமராவுக்கும் அவன் பொட்டு வைத்தான். கண்ணாடிக்கு மேலே, தொப்பி மாதிரி இருக்கும் இடத்தில். தாராளமாக.

சிவப்புத் திரை

எண்ணிக்கைக்கு இன்னும் நாள் இருந்தது. வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானம், திடீரென்று கோடை மழை. சாதாரண மழை இல்லை. காற்று சுழற்றி அடித்ததில் சாரல் வராந்தாவுக்குள்ளேயே வந்துவிட்டது. நான் ஜெனரேட்டரைத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டு இருந்தேன்.

பந்தலில் ஒரே கூச்சல்.

ஓடிப்போய்ப் பார்த்தால், டி.வி.யில் கதவைக் காணவில்லை. மேலே இருந்து கீழே சிவப்பாக ஒழுகிக்கொண்டு இருக்கிறது, ரத்தம் மாதிரி. எனக்கு உடனே விளங்கிவிட்டது. பொட்டு கரைந்து கண்ணாடியில் இறங்கியிருக்கிறது.

பிர்ஜுவுக்கும் விளங்கிவிட்டது. அங்கேதான் வினை. பயல் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஈரத்துணியை ஒரு கையிலும் ஏணியை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு ஸ்ட்ராங் ரூம் பக்கம் ஓடினான். காவலர் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினார். கேமரா அழுக்காகிவிட்டது, துடைக்க வேண்டும் என்று இவன் இந்தியில் சொல்ல, அவர் இந்தியில் அதட்ட, தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்ற ஏஜெண்டுகளுக்கு வேறு என்ன வேண்டும்?

"டேய், வடக்கன் ஏணியோட உள்ள போறான்டா! கேமராவ மறைச்சுட்டு ரெண்டு பேரும் இந்தியில பேசி வச்சு மெஷின மாத்துறானுங்க!"

கத்தியவர் ராஜாங்கம். ஒரு கட்சியின் தலைமை ஏஜெண்டு. பரவையில் நான்கு தலைமுறையாக விவசாயம் பார்த்த குடும்பம், என் வயதுக்காரர். தடுப்பைச் சுற்றிப் போய், திரும்பி வந்த பிர்ஜுவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டார். அரைமணி முன்னால் வரை அடுத்த கட்சி ஏஜெண்டோடு முகம் கொடுத்துப் பேசாதவர்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நின்றார்கள். பத்து வருசம் முயன்றாலும் அவர்களை ஒற்றுமையாக்க முடியாது. ஒரு பொட்டு செய்துவிட்டது.

"தமிழ் தெரியுமாடா ஒனக்கு? சொல்றா, யாரு அனுப்புனா?"

"ஒங்களுக்கு இந்தி தெரியுமாண்ணே?" என்றான் பிர்ஜு.

"தெரியாது!"

"அப்ப தமிழ்லயே பேசுவோம். சட்டைய விடுங்க, கிழிஞ்சிரும்."

நான் போய் ராஜாங்கத்தின் கையை எடுத்துவிட்டேன். "அவன் என் ஆளு. கேக்குறத என்கிட்ட கேளு."

"நீயும் கூட்டுதானப்பா! ஒன் ஆளுதான கேமராவுல எதையோ பூசிருக்கான்?"

"ஆமா, பூசுனான். சந்தனமும் குங்குமமும். நான்தான் வைக்கச் சொன்னேன். போன வருசம் ஒன் பம்புசெட்டுக்கு வச்சானே, அப்ப இனிச்சுச்சா?"

அந்த நேரத்துக்குள் போலீஸ் வந்து பிர்ஜுவைத் தனியாகக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது. குற்றவாளி மாதிரி ஈரத்துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கேஸ் போட்டால் அவ்வளவுதான். வேலை போகும், அவன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். நாளைக்கு ஊரெல்லாம் "பரவை வடக்கன் மெஷினை மாத்தினான்" என்று போனில் சுற்றும். ஒருதரம் சுற்றிவிட்டால் யார் நிறுத்துவது?

பொறுப்பு அதிகாரியான மேடம் வந்தார். நல்ல மனுசி, ஆனால் முகம் வெளுத்துப்போயிருந்தது. "என்னய்யா இது, இம்புட்டு நாள் ஒழுங்கா இருந்துச்சு, என் வேலைக்கு வேட்டு வச்சிட்டீங்களே" என்றார்.

"மேடம், ரெண்டாவது கேமராவப் போட்டுக் காட்டுங்க" என்றேன்.

அந்த இரண்டாவது கேமரா அவர்கள் கொடுத்த பிளானில் கிடையாது. கதவுக்கு ஒரு கேமரா என்றுதான் எழுதியிருந்தார்கள். நகைக்கடைகளுக்கு வேலை பார்த்தவன் நான். அங்கே கேமராவைப் பார்ப்பதற்கு ஒரு கேமரா வைப்பேன். மேடத்திடம் சொல்லி அனுமதி வாங்கி, வராந்தாவின் எதிர் மூலையில் மழை படாத இடத்தில் நானாக ஒன்றை மாட்டியிருந்தேன். பந்தல் டி.வி.யில் அதற்கு இடம் இல்லை. பதிவு மட்டும் ஆகிக்கொண்டு இருந்தது.

முதலில் எல்லா ஏஜெண்டுகளையும் கூட்டிக்கொண்டு மேடம் கதவுக்குப் போனார். பூட்டு அப்படியே இருந்தது. அரக்கு உடையவில்லை. ஒட்டிய காகிதத்தில் ராஜாங்கம் போட்ட கையெழுத்து, வால் நீட்டிய எழுத்தோடு அப்படியே இருந்தது. "இது யாரு கையெழுத்துண்ணே?" என்று மேடம் கேட்டதற்கு, "என்னதுதான்" என்று முனகினார்.

பிறகு பதிவைப் போட்டோம். மழை அடிக்கிறது. காவலர் கதவை விட்டு நகரவில்லை. எதிர்ச் சுவரில் முதல் கேமராவின் நெற்றியில் இருந்து சிவப்பு மெதுவாக இறங்கி வருகிறது. அப்புறம் பிர்ஜு ஏணியோடு வருவது, காவலர் மறிப்பது, திரும்புவது எல்லாம் இருக்கிறது. கதவுக்குப் பக்கத்தில்கூட அவன் போகவில்லை.

ஒரு இளவட்ட ஏஜெண்டு சிரித்துவிட்டான். "பெரிசு, கேமராவுக்குச் சடங்கு சுத்திட்டீங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். ராஜாங்கம் மட்டும் சிரிக்கவில்லை.

"அவனுக்கு இங்க எதுக்கு ஓட்டு?"

"எல்லாம் சரிப்பா" என்றார் ராஜாங்கம். "அவன் அங்கிட்டு ஜார்க்கண்டோ பீகாரோ. அவனுக்கு இங்க எதுக்கு ஓட்டு?"

அதைக் கேட்டதும்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கேமரா, சீல், மெஷின் எதுவும் ராஜாங்கத்துக்குப் பிரச்சினை இல்லை. முன்பெல்லாம் அவர் ஓட்டுச்சாவடி வாசலில் நின்று வரிசையைப் பார்த்தே முடிவைச் சொல்லிவிடுவார். இந்தத் தெரு நமக்கு, அந்தத் தெரு அவனுக்கு என்று விரல் விடுவார். இப்போது பரவை வயலில் பாதி பிளாட்டு. சிவகங்கையில் இருந்து வந்தவர்கள், விருதுநகரில் இருந்து வந்தவர்கள், பிர்ஜு மாதிரி வடக்கில் இருந்து வந்தவர்கள் என்று வரிசையில் பாதிப் பேரை அவருக்குத் தெரியாது. ஆளைத் தெரியாத பயம். அதைக் கொண்டுபோய் மெஷின் மேல் போடுகிறார்.

"ராஜாங்கம், ஒன் மகன் எங்க?"

"அவன் கனடாவுல இருக்கான், ஒனக்குத் தெரியாதா?"

"எத்தன தேர்தலுக்கு வந்தான்?"

தோளில் கிடந்த துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஆளு இல்ல, பேரு மட்டும் லிஸ்டுல பத்திரமா இருக்கு. அது ஒன் கண்ணுக்குத் தெரியல. இவன் இங்கதான் கெடக்கான். இங்கதான் வரி கட்டுறான். வெயில்ல வேகுறான், ஒன் மோட்டாரு எரிஞ்சா ஞாயித்துக்கெழமைன்னு பாக்காம ஓடி வாரான். இவன் பேரு மட்டும் உறுத்துதோ? அந்த நெலத்தப் பிளாட்டுப் போட்டு வித்தது யாரு, நானா? வித்துப்புட்டு, அதுல வீடு கட்டி வந்தவன ஏன் வந்தேன்னு கேக்குற!"

மேடம் இடையில் வந்து, "ஐயா, போதும்" என்றார். ராஜாங்கம் துண்டை உதறிக்கொண்டு பந்தலுக்குப் போனார். போலீஸ் பிர்ஜுவை விட்டுவிட்டது. ஏஜெண்டுகள் முன்னிலையில் கேமராவைத் துடைக்கச் சொன்னார்கள். துடைக்க அவனை விடவில்லை. வேறு ஆளை ஏற்றினார்கள்.

ஹெல்பர்

எண்ணிக்கை அன்று காலை வாசலில் பாஸ் பார்க்கிறார்கள். எனக்கு இருக்கிறது. பிர்ஜுவுக்கு இல்லை.

"பாதுகாப்புக் காரணம்யா. பிரச்சினை ஆன ஆளு. மேலிடத்துல வேண்டாம்னுட்டாங்க" என்றார் வாசலில் நின்ற அதிகாரி.

"என்ன பிரச்சினை பண்ணான்? நிரூபிச்சாச்சுல்ல?"

"நிரூபிச்சாச்சு. இருந்தாலும்..."

இந்த "இருந்தாலும்" என்ற வார்த்தையை நான் வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறேன். வேலை நல்லா இருக்கு, இருந்தாலும் படிப்பு இல்லையே. ரேட் சரிதான், இருந்தாலும் பெரிய கம்பெனி இல்லையே. இப்போது பிர்ஜு பக்கம் திரும்பியிருக்கிறது.

"அப்ப ஜெனரேட்டர நீங்களே பாத்துக்கங்க. நான் வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே இருந்து போன் மேல் போன். கடைசியில் மேடமே வந்தார். ஒரு பாஸ் எழுதிக் கொடுத்தார். எலக்ட்ரீசியன் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஹெல்பர் என்று இருந்தது. "மேலிடத்துல சத்தம் வராம இருக்கத்தான்யா" என்றார் மெதுவாக.

"விடுங்க முதலாளி, எண்ண ஆரம்பிச்சிருவாங்க. வாங்க" என்று பிர்ஜு என் கையைப் பிடித்துத் தூக்கினான். அவனுக்குக் கோபம் இல்லை. அதனால் எனக்கு இரண்டு மடங்கு கோபம் வந்தது. அன்று எண்ணி முடிகிற வரை ஒரு நொடி கரண்ட் போகவில்லை. கேபிள் ரூமில் நின்றது அந்த ஹெல்பர்தான்.

எல்லாம் முடிந்து ஒரு பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். சாப்பாடு போட்டவர் பெயரை வாசித்தார்கள், பந்தல் போட்டவரை வாசித்தார்கள். என் முறை வந்தபோது "மின் ஏற்பாடு: ஒப்பந்ததாரர்" என்று வாசித்துச் சால்வை போட்டார்கள். பெயர் இல்லை. கேமரா விஷயத்தைப் பேசியவர், "சிறு தொழில்நுட்பக் கோளாறு, உடனடியாகச் சரிசெய்யப்பட்டது" என்றார். யார் சரிசெய்தது? தானாகவா சரியாயிற்று?

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கேமராவைப் பார்க்க ஒரு கேமரா வையுங்கள். பொட்டை வேண்டுமானால் கேமராவின் முதுகில் வையுங்கள். உங்கள் ஆள் மேல் யாராவது கை வைத்தால், அவன் எந்த ஊர்க்காரன் என்று பார்க்காதீர்கள். கையை எடுத்துவிடுங்கள்.

சால்வை போட்டவர்களுக்குச் சொல்வது வேறு. இந்தத் தொகுதியின் தேர்தலைப் பற்றி எங்கே எழுதினாலும், அந்த மழையில் அத்தனை பேர் ஓட்டின் மேல் விழுந்த சந்தேகத்தைத் துடைத்தது எதிர் மூலைக் கேமரா என்று எழுதுங்கள். அதை மாட்டியவன் நான் என்று என் பெயரைப் போடுங்கள். அதற்குக் கீழேயே, அதே அளவு எழுத்தில், பிர்ஜு, எலக்ட்ரீசியன், பரவை வாக்காளர் என்று போடுங்கள். இரண்டு பெயரையும் போடுவதாக இருந்தால் கூப்பிடுங்கள், சால்வையோடு வருகிறேன். ஒன்றை மட்டும் போடுவதாக இருந்தால் சால்வையைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.