ஸ்காட்லாந்துக்காரன் யார் பக்கம்

என் அப்பாவுக்குப் பூனைக்கண். மட்டாஞ்சேரியில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி, மிளகும் சுக்கும் விற்றுப் பிழைத்த குடும்பத்தில் அந்தக் கண் எப்படி வந்தது என்பதற்கு அவரிடம் ஒரே பதில்தான். அவருடைய கொள்ளுப்பாட்டியின் அப்பா கப்பல் எஞ்சினியராம், ஸ்காட்லாந்துக்காரராம். "இங்கிலீஷ்காரன் இல்லை, கேட்டியா? ஸ்காட்லாந்து" என்று, யாரும் எதுவும் சொல்லாதபோதே திருத்துவார்.

"எஞ்சினியர் ரத்தமா இருந்தா நம்ம வீட்டு மோட்டாரைச் சரிபண்ணத் தெரிஞ்சிருக்கும்" என்பாள் அம்மா.

கொச்சங்காடியில் இருந்த கடையை வாடகைக்கு விட்ட பிறகு அப்பாவுக்கு இதுவே முழுநேர வேலையாயிற்று. ஃபோர்ட்கொச்சியில் ஒரு பழைய சர்ச்சுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் எழுதிவைத்த பழைய புத்தகங்களைப் பார்க்க வேண்டும் என்றார். அவருக்கு வேண்டிய காலத்துப் புத்தகங்கள் மட்டும் இல்லை.

"சிதல் தின்னு போயி" என்றார் அங்கிருந்த சேட்டன். கரையானுக்கு எங்கள் ஊரில் சிதல்.

சொத்துத் தகராறில் பங்காளியை வெறுப்பது போல அப்பா அந்தக் கரையானை வெறுத்தார். வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல், பாசி பிடித்த ஒரு கல்லறையைத் தேங்காய்நாரால் தேய்த்துப் படித்தார். டச்சுக்காரன். ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தோம்.

பிறகு ஸ்காட்லாந்தில் ஏதோ ஓர் அலுவலகத்துக்கு மெயில் போட்டார். அங்கேயும் பல ஊர்களின் சர்ச் புத்தகங்கள் இல்லையாம். சில தீயில் போயின, சிலவற்றைப் பாதிரியார்கள் எழுதவே இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. முன்னோரின் பெயரும் ஊரும் தெரிவித்தால் வேறு வழியில் தேடலாம் என்றும் இருந்தது. இந்த இரண்டும் தெரியாதது ஒரு குறை என்று அதுவரை அப்பாவுக்குத் தோன்றியதே இல்லை.

கனடாவிலிருந்து லீவுக்கு வந்த என் தம்பிதான் வேறு வழியைக் காட்டினான். எச்சில் துப்பி அனுப்பினால் வம்சம் சொல்லும் டப்பா. ஆஃபர் என்று இரண்டு வாங்கி வந்திருந்தான்.

"எனக்கெதுக்குடா? நான் இங்கே பக்கத்துச் சுள்ளிக்கல்காரி. அதுக்கு மேலே என்ன தெரியணும்?" என்றாள் அம்மா. ஆனால் வாங்கின பொருளை வீணாக்க அவளுக்கு மனம் வராது. துப்பினாள்.

கனடா திரும்பிச் சில வாரம் கழித்துத் தம்பி போன் பண்ணினான். "அப்பா, உங்களுக்கு ஸ்காட்லாந்து ஒரு சொட்டுகூட இல்லை."

"சரியாப் பாரு."

"பார்த்தாச்சு. அம்மாவுக்குத்தான் கொஞ்சம் இருக்கு."

மத்தி கழுவிக்கொண்டிருந்த அம்மா, செதில் ஒட்டிய கையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கறுத்த நிறமும் கறுத்த கண்ணும் உள்ள என் அம்மா! அப்பா எழுந்து போய்க் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

அம்மாவின் எச்சிலோடு பொருந்திய தூரத்துச் சொந்தம் ஒன்றும் வெளிப்பட்டது. ஸ்காட்லாந்தின் கடலோரக் கிராமத்தில், பஸ் ஓட்டி ரிட்டயரான ஒரு அம்மாள். வீடியோ காலில் வந்தாள். மொழிபெயர்ப்பு தன் வேலை என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். அந்த அளவுக்காவது ஸ்காட்லாந்தில் அவருக்குப் பங்கு வேண்டியிருந்தது.

அவள் ஊரிலும் அந்தக் காலத்து ஞானஸ்நானப் புத்தகம் தொலைந்துபோனதுதான். ஆனால் சர்ச் பெரியவர்கள் ஊராரின் பாவங்களை விசாரித்து எழுதிய குறிப்புகள் பத்திரமாக இருக்கின்றனவாம். ஒழுங்காகப் பிறந்து ஒழுங்காகச் செத்தவர்களின் பெயரெல்லாம் போய்விட்டது. தப்புப் பண்ணினவர்களின் பெயர் தங்கிவிட்டது. அதில் ஒருவனை அவள் கண்டுபிடித்திருந்தாள்.

"என்ன பண்ணினானாம்?" என்றாள் அம்மா.

அப்பா தொண்டையைச் செருமினார். "அது வந்து… ஒரு வேலைக்காரப் பொண்ணோட… பழக்கம்."

"பழக்கம்னா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி."

"பிள்ளை உண்டாயிடுச்சா?"

"உண்டாயிடுச்சு" என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல்.

சர்ச் விசாரணைக்குக் கூப்பிட்டபோது அவன் வரவில்லை. கப்பலேறிவிட்டான். மிளகு விளைகிற ஊருக்குப் போனான் என்பது அவர்கள் வீட்டில் வாய்வழியாக வந்த கதை. எஞ்சினியர் இல்லை, கப்பலில் தச்சன்.

"அங்கேயிருந்து ஓடி வந்தவன் இங்கேயும் சும்மா இருக்கல்லே" என்றாள் அம்மா. அப்பா அதை மொழிபெயர்க்கவில்லை. நான் பண்ணினேன். அந்த அம்மாள் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு?"

எங்களில் யாருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை. அவளை ஞாயிற்றுக்கிழமைகளில் சபை முழுவதும் பார்க்கத் தனி முக்காலியில் உட்கார்த்தி வைத்தார்களாம். பிறகு மீன் விற்றுப் பிள்ளையை வளர்த்தாள். வயதாகித்தான் செத்தாள். "நான் அந்தப் பிள்ளையின் வழி" என்றாள் பஸ் ஓட்டின அம்மாள்.

அப்பா இதைத் தமிழில் சொல்லும்போது கொஞ்சம் திணறினார். அம்மா நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். "அவன் கிடக்கட்டும், நாசமாப் போனவன். அவ ஜெயிச்சுட்டான்னு சொல்லுங்க" என்றாள். அப்பா சொன்னார்.

அந்த அம்மாளோடு பேசுவதைக் காட்டிலும் சிரமமாக இருந்தது என் மாமாவைச் சமாளிப்பதுதான். அம்மாவின் அண்ணன், சுள்ளிக்கல்லில் கோயில் கமிட்டிக்காரர், தலைமுறை தலைமுறையாக வந்த சுத்தம் பற்றி நிறையப் பேசுகிறவர். செய்தி கேட்டதும் ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்.

"லேபில் எச்சில் மாறிப்போயிருக்கும், மாப்பிள்ளை."

"அப்போ நீங்களும் ஒரு தடவை துப்பிப் பாருங்களேன், மச்சான்" என்றார் அப்பா. பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் முகத்தில் வெளிச்சம் பார்த்தேன்.

ஜனவரியில் அந்த அம்மாள் கொச்சிக்கு வருகிறாள். அம்மா மெத்தை உறை தைக்கக் கொடுத்திருக்கிறாள். அப்பா, அம்மா பக்கத்து முன்னோர் என்று தொடங்கி, தேடலைப் புதிதாக ஆரம்பித்திருக்கிறார். மாமா ஜனவரி முழுவதும் தீர்த்த யாத்திரை போகிறாராம். எந்த ஊருக்கு என்று இன்னும் முடிவாகவில்லை.