பாக்கியத்தின் கன்றுக் கயிறு

இரத்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருக்கிறேன். பக்கத்துக் காம்பரா அறையில் இருக்கும் பாக்கியத்தின் பசு நான்கு போத்தல் பால் கறக்கும். என் பசு இரண்டைத் தாண்டாது. வேறு எதையும் பொறுத்துக்கொள்வேன், அதை மட்டும் பொறுக்க முடியவில்லை.

அவளுடைய கன்றின் கழுத்தில், கண்ணூறு படாமலிருக்கச் சோழி கோத்த கறுப்புக் கயிறு கட்டியிருந்தாள். அந்த ராசிதான் என்று நினைத்தேன். அவள் தண்ணீருக்குப் போன நேரத்தில் அதை அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டேன். என் கன்றுக்குக் கட்டினால் கண்டுபிடித்துவிடுவாள். ஆகவே சேலைக்குள் என் இடுப்பிலேயே கட்டிக்கொண்டேன்.

பத்து நாளில் இடுப்பைச் சுற்றி வட்ட வட்டமாகச் சிவந்து அரித்தது. பாக்கியத்தின் கண்தான் பட்டுவிட்டது என்று அவளையே மனதுக்குள் திட்டினேன்.

நான் சொறிவதைப் பார்த்து அவளே வந்தாள்.

"இது படர்தாமரை, அக்கா. எனக்கும் கையில வந்துச்சு. கன்னுகிட்ட இருந்து ஒட்டுனதாம். அது கழுத்துக் கயித்த எரிக்கச் சொன்னாரு தோட்டத்துல மருந்து குடுக்கிற டிஸ்பென்சர் ஐயா. தேடுறேன், காணல" என்றபடி தன் களிம்பில் பாதியை எனக்குக் கொடுத்தாள்.

அன்றே கயிற்றை அடுப்பில் போட்டேன். இப்போதெல்லாம் மாட்டைத் தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் கையை உடம்பில் வைப்பதில்லை. அடுத்தவர் மாட்டுக் கயிற்றைத் தொடுவதே இல்லை.

பாக்கியத்திடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. கயிறு இல்லாமலே அவள் பசு இப்போது ஐந்து போத்தல் கறக்கிறது.