நாற்பத்தொன்றாம் நம்பர் பனியன்

சிட்டிபாபு அண்ணனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பயம்தான். யாரும் தன்னைப் பார்த்துச் சிரித்துவிடக் கூடாது. அப்பா நெல் போட்ட பெருங்களத்தூர் நிலத்தை இவர் மனை பிரித்து விற்றார், ஜி.எஸ்.டி. ரோட்டில் சிமென்ட் கடை வைத்தார், வசதியாகவே இருந்தார். ஆனால் பஞ்சாயத்துத் தேர்தலில் நின்று தோற்றபோது, டீக்கடையில் யாரோ சிரித்தார்கள் என்று ஒரு மாதம் கடையைத் திறக்கவில்லை. எதிர்வீட்டுக்காரன் நான். அந்த மாதம் முழுக்க அவர் பின்வாசல் வழியாகப் போய் வந்ததைப் பார்த்தவன்.

அதே மனுஷனுக்குப் போஸ்டர் என்றால் உயிர். பேத்தி காதுகுத்துக்குப் போஸ்டர், புது லாரிக்குப் போஸ்டர். வீட்டுக்கு டெலிபோன் வந்ததற்குக்கூடப் போஸ்டர் ஒட்டிய ஆள் வேறு எங்கேயாவது உண்டா, சொல்லுங்கள்!

அப்படிப்பட்டவரிடம் தொண்ணூற்றேழில் மகள் சாமுண்டீஸ்வரி கனடாவிலிருந்து போனில் ஒரு சேதி சொன்னாள். அவள் மகன் பாலகுரு அந்த நாட்டு இளைஞர் டீமில் சேர்ந்துவிட்டானாம். அமெரிக்காவில் பல நாட்டுப் பிள்ளைகள் ஆடும் ஃபுட்பால் போட்டிக்குப் போகிறானாம். பனியன் நம்பர் நாற்பத்தொன்று. கேட்க வேண்டுமா? பஸ் ஸ்டாப்பிலிருந்து ரயில்வே கேட் வரைக்கும் ‘பெருங்களத்தூரின் பேரனே, உலக வீரனே’ என்று போஸ்டர். பள்ளிக்கூட போட்டோவில் பையன் முகம், பக்கத்தில் உருண்டையாக ஒரு பந்து. அந்தப் பந்து பிரஸ்காரர் தன் கணக்கில் சேர்த்தது.

போட்டி முடிந்தபின் சாமுண்டீஸ்வரி, “ஆடினான்பா” என்று மட்டும் சொன்னாள். இவர் விடவில்லை. கேசட் அனுப்பு, கேசட் அனுப்பு என்று பேரனைப் பிடுங்கி எடுத்துவிட்டார்.

ஆட்டத்தைப் பிடித்த வீடியோ கேசட் வந்தது. அந்த ஊர் கேசட் நம் டெக்கில் ஓடாது என்று பர்மா பஜாரில் கொடுத்து, நமக்கு ஏற்ற மாதிரி மாற்றி வாங்கிக்கொண்டு நேராகத் தன் சிமென்ட் கடைக்கே வந்தார். டிவி, டெக் வாடகைக்கு விடும் ஏசுபாதம் அங்கே வாசலில் எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தான். தெருவே பாய் போட்டு உட்கார்ந்திருந்தது.

“முதல்ல நீங்க ஒரு தரம் பாத்துடுங்களேண்ணா” என்றேன்.

“போப்பா. நல்லத மூடி வெச்சிகினா பாப்பாங்க?”

படம் ஓடியது. அந்த ஊரில் ஃபுட்பால் என்றால் வேறு ஆட்டமாம், எங்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தோளில் பலகை வைத்துத் தைத்த மாதிரி பனியன், தலையில் கம்பி போட்ட ஹெல்மெட், பந்தோ இரண்டு பக்கமும் கூரான பந்து.

“இன்னாபா, ஃபுட்பால்னு சொல்லிட்டு கைல தூக்கினு ஓடுறானுங்க?” என்று ஒருவன் கேட்டான்.

“நம்ம பையன் எவன்ணா?” என்றான் ஏசுபாதம்.

“இரு, காட்டறேன்” என்றார் அண்ணன். பேரன் ஏதாவது பெரிதாகச் செய்யட்டும், அப்போது காட்டலாம் என்று காத்திருந்தார் போலிருக்கிறது.

கடைசி நிமிஷம். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பையன் தனியாக நின்றான். பந்து பறந்து வந்து சரியாக அவன் இரண்டு கைக்குள் விழுந்தது. நழுவிக் கீழே போனது. அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது. எதிர் டீம் குதித்தது. இவன் தரையில் மண்டியிட்டான். முதுகில் நாற்பத்தொன்று.

“மடில வந்து வுழுந்தத வுட்டுட்டான்பா! யார்பா அந்தத் தண்டம்?”

தெரு கொல்லென்று சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

“இவனாண்ணா நம்ம பையன்?” என்றான் ஏசுபாதம்.

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. “சேச்சே! இவன் இல்லப்பா. நம்ம பையன் கால்ல அடிபட்டு வெளிய உக்காந்துகினு கீறான்” என்றார். அந்தப் பையன் ஹெல்மெட்டைக் கழற்றக் கை வைத்த நேரம், ப்ளக்கைப் பிடுங்கிவிட்டார்.

மறுநாள் காலை அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் போன் இல்லை, என் தம்பி அவர் நம்பருக்குத்தான் போன் செய்வான். மணி அடித்தது. ஆனால் பேசியது பாலகுரு. அந்த ரிசீவரில் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும்.

“தாத்தா, டேப் பார்த்தீங்களா? லாஸ்ட்ல பால் விட்டது நான்தான். ஃபார்ட்டி ஒன்.”

அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“பாத்தேன்பா.”

“அப்பா அதப் பத்திப் பேசவே மாட்டாரு. ஃபிரெண்ட்ஸும் பேசல. அனுப்பவே வெக்கமா இருந்துச்சு. நீங்க கேட்டீங்கன்னுதான் அனுப்பினேன்.” பையனே மறுபடி கேட்டான். “அங்க எல்லாரும் பார்த்தாங்களா? நான்தான்னு சொன்னீங்களா?”

“சொல்றேன்பா” என்றார் அண்ணன். போனை வைத்துவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். “எம்பொண்ணு பெத்த புள்ளைய, இல்லன்னு சொல்லிட்டனேப்பா. இந்த நாக்கு அழுவிப் போவ!” என்றார். கேட்கவே கூசியது. முந்தின நாள் சிரித்தவன்தானே நானும்.

அன்று மாலை மறுபடியும் டிவியைக் கொண்டுவரச் சொன்னார். பார்த்த படத்தை யார் பார்ப்பார்கள்? சிலர் வந்தார்கள், சிலர் ரோட்டில் நின்றபடி பார்த்தார்கள். ஏசுபாதம் கேசட்டை நேராகக் கடைசிக்கு ஓட்டினான். பந்து நழுவியது. அண்ணன் எழுந்துபோய் டிவி மேல் விரலை வைத்தார்.

“இவன்தான் என் பேரன். நேத்து இல்லன்னு சொன்னேன். பொய்.”

இந்த முறை ப்ளக்கைப் பிடுங்கவில்லை. பையன் ஹெல்மெட்டைக் கழற்றினான். போஸ்டரில் இருந்த அதே முகம், அழுது வீங்கியிருந்தது.

ரோட்டில் நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். அண்ணன் திரும்பினார். டிவியை விட்டு நகரவில்லை.

“சிரிங்கப்பா” என்றார். “என்னியப் பாத்து சிரிங்க. அவனப் பாத்து வாணாம்.”