டிக்கிக்குள் மூன்று தட்டு

எட்டாயிரத்து நானூறு ரூபாய். ஒரு வீட்டுத் தரகர் எங்கள் பட்டறைக்குத் தரவேண்டிய பாக்கி. என் இரண்டு வாரக் கூலியும் அதற்குள்தான் இருந்தது. "கார்ல சத்தம் நிக்கட்டும், அப்புறம் காசு" என்று தரகர் முதலாளியிடம் சொல்லிவிட்டார். "அவர் தந்தாத்தான் உனக்கு" என்று முதலாளி என்னிடம் சொல்லிவிட்டார்.

இது நடந்தது. பேயைப் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்களை எனக்கு அறவே பிடிக்காது. பாதிப் பேர் குடித்திருப்பார்கள், மீதிப் பேருக்கு வேலை இருக்காது. எனக்கு வேலை இருந்தது. நான் குடிப்பதில்லை. நடந்ததோ பட்டப்பகலில். நம்பாதவர்கள் நம்பவேண்டாம், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

பட்டறையில் என்னைக் காது என்றுதான் கூப்பிடுவார்கள். ஓடும் காரில் எது ஆடுகிறது, எது தேய்கிறது என்று கேட்டே சொல்லிவிடுவேன். தரகரின் கார் இடது பக்கம் திரும்பினால் பின்னாலிருந்து ஒரு சத்தம் வரும். டக். டக். டக். அதோடு நின்றுவிடும். ஷாக் அப்சார்பரை மாற்றினோம். ரப்பர் புஷ்களை மாற்றினோம். சைலன்சரை இறுக்கிக் கட்டினோம். சத்தம் அப்படியே இருந்தது. தரகர் தினமும் வந்து, "இதுகூடத் தெரியலையா?" என்று பல்லைக் குத்திக்கொண்டே கேட்பார். நட்டுக்கும் போல்ட்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள்.

இந்த மாதிரிச் சத்தத்துக்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. ஒருவர் ஓட்ட, இன்னொருவர் டிக்கிக்குள் படுத்துக் கேட்பார். உள்ளேயிருந்து தட்டிச் சேதி சொல்வார். ஒரு தட்டு என்றால் சத்தம் இடது பக்கம். இரண்டு என்றால் வலது. மூன்று என்றால் வண்டியை நிறுத்து, திற.

"நான் டிக்கியில ஏறிக்கிறேன்" என்றேன்.

தரகரின் முகம் சுருங்கியது. "டிக்கியெல்லாம் வேணாம்."

"விரிப்பு அழுக்காயிடுமோ, சார்?"

அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கஞ்சப் பிசினாறி என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பழைய துணியை விரித்து ஏறிப் படுத்தேன்.

மணி 3.40. முதலாளி ஓட்டினார். யாரையும் நம்பாத தரகர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். டிக்கி மூடியது. இருட்டு. டயர் உருளும் இரைச்சல். பெட்ரோல் வாடை. எல்லாம் வழக்கம்போல்தான்.

3.52. இடது பக்கம் திரும்பினோம்.

டக். டக். டக்.

கார் நின்றது. முதலாளி வந்து திறந்தார்.

"கண்டுபிடிச்சிட்டியா?"

"எதுக்கு நிறுத்துனீங்க?"

"நீதானேய்யா மூணு தட்டு தட்டுன."

"நான் தட்டலை. அது வண்டியோட சத்தம்."

"விளையாடுறியா, காது?"

மூடியைப் படாரென்று சாத்திவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆள் தட்டுவதற்கும் வண்டிச் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாத முதலாளி. இவரிடம் கூலிக்குக் கையேந்த வேண்டியிருக்கிறது.

3.58. மறுபடி வந்தது. இந்த முறை தரையில் காதை ஒட்டி வைத்திருந்தேன். கீழேயிருந்து வரவில்லை. இடமும் இல்லை, வலமும் இல்லை... மேலே. என் முகத்துக்கு நேர் மேலே, டிக்கி மூடியில். மூடி ஆடுகிறது, அவ்வளவுதான். கையை உயர்த்தி, மூடியின் உள்பக்கத்தில் உள்ளங்கையை அழுத்திப் பிடித்தேன். அப்படிப் பிடித்தால் ஆட்டம் நின்றுவிடும். சத்தமும் நின்றுவிடும்.

4.03. இடது திருப்பம்.

டக்... டக்... டக்...

நிற்கவில்லை. தட்டியது என் கைக்கும் தகரத்துக்கும் நடுவில் இருந்தது. விரல் முட்டிகள். என் உள்ளங்கைக்குள் இன்னொரு கை...

கையை இழுத்துக்கொண்டேன்.

உள்ளே சூடு ஏறியது. அடுப்பு மாதிரி. வெளியே அன்றைக்கு வெயிலே இல்லை.

மூன்று முறை ஓங்கித் தட்டினேன்.

கார் நிற்கவில்லை.

முன்னாலிருந்து தரகரின் குரல். "நிறுத்தாதீங்க. அந்தச் சத்தம்தான்."

தட்டினேன்.

அதுவும் தட்டியது.

இருவரும் தட்டினோம்...

4.09. வெளிச்சம்.

சாலையோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். முதலாளி என் முதுகைத் தடவிக்கொடுத்தார். "ரெண்டு பேர் தட்டுற மாதிரி இருந்துச்சுய்யா" என்றார். அதற்குள் தரகர் ஸ்டியரிங்குக்கு நகர்ந்து, எங்களை அங்கேயே விட்டுவிட்டு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் உதிரிபாகக் கடைக்காரரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். கார் என்ன நிறம், யாருடையது என்று கேட்டார். அப்புறம் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பேசினார்.

போன வருடம் வேறொரு பட்டறை. இதே கார். என்னைப் போல ஒரு கூலியாள் சத்தம் கேட்க டிக்கிக்குள் படுத்திருக்கிறார். ஓட்டியது தரகர். வழியில் வீடு வாங்கும் ஆளிடமிருந்து போன். காரை வெயிலில் நிறுத்திவிட்டு வீடு காட்டப் போனவர், இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் கழித்துத் திரும்பியிருக்கிறார். டிக்கியைத் திறந்தபோது கூலியாளுக்கு உயிர் இல்லை.

"விசாரணையில என்ன சொன்னார் தெரியுமா?" என்றார் கடைக்காரர். "தட்டுனது கேட்டுச்சு, வேலை பாக்குறான்னு நினைச்சேன், மூணு தட்டுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதுன்னுட்டார். விட்டுட்டாங்க."

மூன்றாம் நாள் காலை தரகர் பட்டறைக்கு வந்தார். நடந்து வந்தார். பேரம் பேசவில்லை. எட்டாயிரத்து நானூறையும் மேசைமேல் எண்ணி வைத்தார். முதலாளி அதிலிருந்தே என் கூலியை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல நான் என்ன பெரிய மனுஷனா? ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"மூணு தட்டுன்னா நிறுத்தித் திறக்கணும், சார். உங்களுக்கு அது தெரியாதாமே."

அவர் என்னைப் பார்க்கவில்லை.

"தெரியும்" என்றார்.

முதலாளி கணக்கு நோட்டை எடுத்து, அவர் பாக்கியின்மேல் கோடு போட்டார்.