செல்வி சொன்ன ஹேண்டோவர்

ராயபுரத்தில் மாலை நேர ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

செல்வி மட்டும் தினமும் தாமதம். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் செக்யூரிட்டி வேலை. அன்றும் கதவைத் தட்டினாள். "நேரத்துக்கு வரத் தெரியாதவங்களுக்கு இங்கிலீஷ் எதுக்கு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

போர்டில் 'ஹேண்ட் ஓவர்' என்று எழுதி, ஒப்படைப்பது என்று பொருள் சொல்லி, தினமும் எதை ஹேண்ட் ஓவர் செய்கிறீர்கள் என்றேன். மற்றவர்கள் சாவி, பார்சல் என்றார்கள். செல்வி எழுந்தாள்.

"அட்த்த ஷிஃப்டு அக்கா வந்தாத்தான் சார் நான் ஹேண்டோவர் குடுக்க முடியும். எந்த லாரி உள்ள கீது, எது வெளிய போச்சு, அல்லாத்தையும் சொல்லிட்டுதான் கெளம்பணும். அந்தக்கா லேட்டானா நானும் லேட்டு. கேட்ட அப்டியே வுட்டுட்டு வர முடியுமா?"

ஒருநாளாவது காரணம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "மன்னிச்சிரும்மா" என்றேன்.

மறுநாள் கதவைச் சாத்தவில்லை. மூச்சிரைக்க வந்தவளிடம், அதுவரை நடத்தியதைச் சுருக்கமாகச் சொன்னேன். "ஹேண்டோவர் குடுத்தாச்சு, போய் உக்காரும்மா." அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இப்போது யார் தாமதமாக வந்தாலும் பக்கத்தில் இருப்பவர் ஹேண்டோவர் கொடுக்கிறார். கதவு திறந்தே கிடக்கிறது. வகுப்பு ஒன்றும் கெட்டுப்போகவில்லை.