ஸ்வீடன்காரரின் இடது கால் ஷூ

ஆம்பூரில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் முழுக்க என் அத்தையின் பொறுப்பில் இருக்கிறது என்பதை இன்றைக்கும் யாரிடமும் வலியப் போய்ச் சொல்வேன். அந்த வேலை அவளுக்கு நிரந்தரமானதில் எனக்கும் பங்கு உண்டு என்பதை, அவர்கள் கேட்காவிட்டாலும், சேர்த்தே சொல்வேன்.

ஷூ கம்பெனிக்கு ஆர்டர் கொடுக்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் தங்குவதற்கென்று கட்டிய வீடு அது. வாசலில் காகிதப்பூ. உள்ளே சிவப்பு சிமெண்ட் தரை. மே மாதத்திலும் கால் வைத்தால் ஜில்லென்றிருக்கும். ஆனாலும் வந்தவர்கள் எல்லாம் ஒரு நாள் இருந்துவிட்டு வேலூரில் ஓட்டல் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள். கம்பெனியின் தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியருகே நாளெல்லாம் நின்றுகொண்டிருந்த அத்தையின் கைப்பக்குவத்தை யாரோ சொல்லக் கேட்டு, மேனேஜர் அவளை இங்கே கொண்டுவந்து வைத்தார்.

"வர்றவங்களுக்கு வீடு மாதிரி இருக்கணும்மா. இப்ப வர்ற ஸ்வீடன்காரர் நாலு நாள் தங்கிட்டார்னா வேலை உனக்கு. இல்லன்னா பழையபடி தொட்டிதான்" என்றார்.

ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவுக்கு நானும் அத்தையோடு அங்கே இருந்தேன். வீடு மாதிரி இருக்க வேண்டும் என்பதை அவளைவிட நான்தான் தீவிரமாக எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் செருப்போடு உள்ளே வந்தால் அம்மா துடைப்பத்தைத் தூக்குவாள். போதாததற்கு, விருந்தாளி வருகிற அன்று காலையிலிருந்து அத்தையும் நானும் தேங்காயெண்ணெய் தொட்டுத் தொட்டுத் துடைத்து, தரையை முகம் பார்க்கிற பதத்துக்குக் கொண்டுவந்திருந்தோம்.

ஸ்வீடன்காரர் ஷூவோடு படியேறினார். அத்தை அடுப்படியில் இருந்தாள். நான் இரண்டு கைகளையும் விரித்து வழியை மறித்தேன். ஷூவை வெளியே விடுங்கள், இது வீடு என்று, வகுப்பில் இரண்டாம் ரேங்க் வாங்கிய ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், படியிலேயே உட்கார்ந்து லேஸை அவிழ்த்தார். ஆறடி மனிதர் என் பேச்சைக் கேட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை, இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்டுவிட்டு அவர் வெளியே வந்தபோது படியில் வலது கால் ஷூ மட்டும் இருந்தது. தோல் ஊரில் பிறந்து வளர்ந்த நாய் ஒன்று இடது காலைத் தேர்ந்தெடுத்துத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. தேடியதில் சாக்கடையோரம் குதிகால் துண்டு மட்டும் கிடைத்தது. வேறு ஷூ இல்லையா என்று கேட்டேன். அவர் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே பதினாறு ஷூ. இதே மாதிரி செய்து தரச் சொல்லிக் கம்பெனியில் காட்டுவதற்கென்று கொண்டுவரும் சாம்பிள் ஷூக்கள் ஜோடியாக இருக்காதாம், ஒற்றைதானாம். பதினாறும் வலது கால்.

"அய்யோ, பேஜாராப் போச்சே!" என்று அத்தை தலையில் கைவைத்தாள். அவரைக் கூட்டிப்போகக் கம்பெனி கார் ஓட்டி வந்த டிரைவர் அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் ரப்பர் செருப்பைக் கழற்றிக் கொடுத்தார். ஷூ வாங்க வந்தவர் ரப்பர் செருப்போடு ஷூ கம்பெனிக்குப் போனார்.

மத்தியானத்துக்குள் மேனேஜர் வந்துவிட்டார்.

"இன்னாம்மா இது? மொத்தக் கம்பெனியும் சிரிக்குது. அவரை ஷூவைக் கழட்டச் சொன்னது யாரு?"

அந்த ஆங்கிலம் என்னுடையது என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? ஆசையாக ஓர் அடி முன்னால் வைத்தேன். அதற்குள் அத்தை என் முன்னால் வந்து நின்றாள்.

"நான்தான் சார் சொன்னேன்."

"உனக்கு ஏதும்மா இங்கிலீஷ்?"

"கையைக் காட்டிச் சொன்னேன் சார்."

"அப்ப நாளைலேர்ந்து தொட்டிக்கே போய்டு. அவர் பெட்டியை எடுத்து வை. வேலூர்ல ரூம் போட்டாச்சு."

அத்தை அவர் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். என் பெருமையை என் கண்ணெதிரிலேயே பறித்துக்கொண்டவளுக்கு நான் உதவுவதாக இல்லை. "பொய்க்காரி" என்று அவள் காதில் விழும்படியே சொன்னேன்.

"வாயை மூட்றி கழுதை" என்றாள். குரல் என்னவோபோல் இருந்தது. மாட்டிக்கொண்டதால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மேனேஜரோடு வந்த ஸ்வீடன்காரர், வாசலில் இருந்த பெட்டியைப் பார்த்தார். ரப்பர் செருப்பைப் படியில் விட்டார். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கட்டிலடியில் வைத்துவிட்டு, மேனேஜரிடம் ஏதோ வேகமாகச் சொன்னார்.

மேனேஜர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவங்க ஊர்லயும் ஷூவோட உள்ள போனா அவங்கம்மா உண்டு இல்லன்னு ஆக்கிடுவாங்களாம். இத்தினி வருசமா வர்றாராம், ஒருத்தர்கூட இவரை வீட்டாளாட்டம் அதட்டலயாம். போவமாட்டேன்றார்ம்மா."

நாலு நாளும் இருந்தார். அவர் கிளம்பிய பிறகு, வேலை அத்தைக்குத்தான் என்று மேனேஜர் சொன்னார். "ஷூவைக் கழட்டச் சொன்ன பாரு, அதாம்மா சரியான யோசனை. இனிமே யார் வந்தாலும் அப்படியே சொல்லு" என்றார்.

"நான் எங்க சார் சொன்னேன்?" என்று அத்தை என்னைப் பிடித்து அவர் முன்னால் நிறுத்தினாள். "இவதான் சார். அத்தனையும் இங்கிலீஷ்ல சொன்னா."

மேனேஜர் எனக்குக் கை கொடுத்தார். ஓர் அங்குலம் வளர்ந்துவிட்டதுபோல் இருந்தது. மூன்று நாளாக நான் முகம் கொடுத்துப் பேசாமலிருந்த அத்தையோடு அன்றைக்கே சமாதானமானேன். பொய் சொன்னவள் தாமதமாகவாவது திருந்தினாளே என்று, பெரிய மனது பண்ணி, அவளை மன்னித்தேன்.