கொலையக்கா வீட்டுப் பிணம்

"கை இன்னும் கொஞ்சம் வெளியே வரணுங்க. உயிர் போற நேரத்துல யாராவது கையை இவ்வளவு அழகா மடக்கி வெச்சுக்குவாங்களா?" என்று கேட்டபடி, அக்கா அளவுகோலின் நுனியால் தன் கணவரின் முழங்கையைத் தள்ளினார். கூடத்துத் தரையில் குப்புறக் கிடந்த கணவர் கையை நீட்டினார்.

"இது போதுமா?"

"பேசாதீங்க. நீங்க செத்து அரை மணி நேரம் ஆச்சு."

நான் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். அக்கா வாரப் பத்திரிகையில் எழுதும் துப்பறியும் தொடர்களுக்குப் படம் போடுகிறவன் நான். பத்திரிகை அலுவலகத்தில் அவருக்குக் 'கொலையக்கா' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், ஆனால் அவருக்குத் தெரியும். தொலைபேசியில் "நான்தான் கொலையக்கா பேசறேன், உங்க ஆசிரியர் உயிரோட இருக்காரா?" என்று கேட்டு, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணை ஒரு முறை அழ வைத்திருக்கிறார்.

அக்காவின் தொழில்முறை தனி. மற்றவர்கள் கொலைகாரனை யோசித்து, காரணத்தை யோசித்து, கடைசியில் யாரையாவது சாகடிப்பார்கள். அக்காவுக்கு முதலில் ஓர் உடம்பு தரையில் கிடந்தாக வேண்டும். எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது, கைக்கும் மேஜைக் காலுக்கும் எவ்வளவு தூரம், முகம் எந்தக் கதவைப் பார்க்கிறது என்றெல்லாம் அளவு நாடாவை வைத்து அளப்பார். அதிலிருந்து கொலைகாரன் எங்கே நின்றான், எந்த வழியாக ஓடினான் என்று பின்னோக்கிப் போவார். "உடம்பு பொய் சொல்லாதுப்பா. மத்த எல்லாரும் சொல்லுவாங்க" என்பார். உடம்பு கிடைக்காவிட்டால் ஒரு வரி நகராது.

அந்த உடம்பு அவர் கணவர், எனக்கு மாமா. பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். "வேலையில இருந்த வரைக்கும் உக்காந்தே காலத்தை ஓட்டினேன். இப்போ படுத்து ஓட்டறேன்" என்று பெருமையாகவே சொல்வார். அக்காவின் கதைகளில் இதுவரை செத்த வக்கீல், பல் மருத்துவர், நாடக நடிகர், இரட்டைச் சகோதரர்களில் இரண்டு பேருமே, எல்லோரும் மாமாதான். நான் மீசையை மாற்றுவேன், வழுக்கையில் முடி நடுவேன். பாட்டு டீச்சர் செத்த கதைக்கு நீளப் பின்னல் கூடப் போட்டிருக்கிறேன். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மாமா, "எங்க அத்தை மாதிரியே இருக்கேன்" என்றார்.

ஊருக்குள் இது பழகிவிட்டது. கூரியர்க்காரர் கதவு திறந்ததும் பிணத்தைத் தாண்டி வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். மருந்துக் கடைக்காரர்தான் இன்னும் பழகவில்லை. எந்த மருந்தை எதோடு கலந்தால் சுவை தெரியாது என்று அக்கா கடையில் நின்று உரக்கக் கேட்பார், அதுவும் கூட்டமாக இருக்கும் நேரத்தில். "அக்கா, நீங்க தலைவலி மாத்திரை கேட்டாக்கூட நான் ரெண்டு தடவ யோசிச்சுதான் தருவேன்" என்று அவர் கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டார். சொந்தக்காரர் ஒருவர் புதிதாகக் கட்டிய வீட்டைச் சுற்றிக் காட்டியபோது, எல்லோரும் பளிங்குத் தரையைப் பாராட்டினார்கள். அக்கா பின்கதவைத் திறந்து மூடிப் பார்த்து, "ரொம்ப வசதி. சத்தமே வரல" என்றார். மறுநாளே அந்தக் கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் வந்ததாகக் கேள்வி.

நேரில் பார்த்தால் கொலைக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கரப்பான்பூச்சியைத் துடைப்பத்தால் வெளியே தள்ளி, திரும்பி வராதே என்று எச்சரித்து அனுப்புகிறவர். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கறார். கதையில் துப்பு எல்லாவற்றையும் வாசகரின் கண் முன்னால் வைத்துவிட வேண்டும். "ஏமாத்தலாம்பா. பொய் சொல்லக் கூடாது" என்பார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். "கல்யாணம் ஆனா தெரியும்" என்றார்.

போன வருடம் ஒரு காலையில், புதுத் தொடருக்குப் பிணம் தேவைப்பட்டது. அக்கா சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தார். "நீங்க விழ ஆரம்பிங்க, இதோ வந்துடறேன்" என்று குரல் கொடுத்திருக்கிறார். கூடத்தில் தொப்பென்று சத்தம் கேட்டது. டீயோடு வந்து பார்த்தால், நாற்காலிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே மாமா ஒருக்களித்துக் கிடக்கிறார். ஒரு கால் நாற்காலிக்குக் கீழே மாட்டியிருக்கிறது. ஒரு கை சட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருக்கிறது. அந்தக் கையை அக்கா சொல்லிக்கொடுக்கவில்லை.

இத்தனை வருடத்தில் அக்கா அவரை ஒரு தடவை கூடப் பாராட்டியதில்லை. அன்றைக்கு, "பிரமாதங்க! அப்படியே இருங்க, அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு, டீயை மேஜை மேல் வைத்து, அளவு நாடாவை எடுக்கப் போனார். எடுத்து வந்து நாற்காலிக் காலிலிருந்து அவர் கை வரை அளந்தார். அளவை வாய்விட்டுச் சொல்லி மனதில் ஏற்றிக்கொண்டார். முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று குனிந்தபோதுதான் நெற்றி முழுக்க வேர்வையைப் பார்த்தார். மாமாவுக்கு விதவிதமாகச் சாகத் தெரியும். வேர்க்க மட்டும் தெரியாது.

மாரடைப்பு. ஆம்புலன்ஸ் வந்தது. எதிர்வீட்டுக்காரர் ஸ்ட்ரெச்சரைப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவை ஏற்பாடெல்லாம் பலமா இருக்கே" என்று சிரித்திருக்கிறார். விஷயம் தெரிந்த பிறகு கொஞ்ச காலத்துக்கு அவர் வாசல் பக்கமே தலைகாட்டவில்லை. மாமா பிழைத்துக்கொண்டார். சரியான நேரத்தில் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று டாக்டர் அக்காவிடம் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மாமா இதை ஒரு கதையாகவே ஆக்கிவிட்டார். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் முதலிலிருந்து நடித்துக் காட்டுவார். "செத்தாதான் இவகிட்ட பாராட்டு வாங்க முடியும்னு அன்னைக்குதான் தெரிஞ்சுது!" என்று முடிக்கும்போது வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அக்கா எழுந்து டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவார். பாதி குடித்த டீயாக இருந்தாலும் பிடுங்கிக்கொண்டு போவார்.

மாமா தரையில் உட்காரக்கூடத் தடை விழுந்தது. மதியம் நாற்காலியில் கண்ணயர்ந்தால், அக்கா பக்கத்தில் வந்து ஒரு எவர்சில்வர் மூடியைக் கீழே போடுவார். மாமா திடுக்கிட்டு விழித்ததும், "கை தவறிடுச்சு" என்று எடுத்துக்கொண்டு போவார். ஒரு வீட்டில் இத்தனை மூடி கை தவறி விழ முடியாது என்று மாமா சீக்கிரமே துப்புத் துலக்கிவிட்டார்.

தொடர் தொடங்கிவிட்டது. ஆனால் யாரும் சாகவில்லை. முதல் வாரம் தொழிலதிபரின் காபியில் விஷம் கலந்தார்கள். அவர் சர்க்கரை தூக்கல் என்று வாஷ்பேசினில் கொட்டிவிட்டார். அடுத்த வாரம் மாடியிலிருந்து தள்ளினார்கள். மெத்தை ஏற்றிப்போன லாரியில் விழுந்தார். அதற்கடுத்த வாரம் துப்பாக்கி வெடிக்கவில்லை. நான் ஒரே ஆளை நெற்றியில் பிளாஸ்திரியோடு, காலில் மாவுக்கட்டோடு, ஊன்றுகோலோடு என்று வரைந்து தள்ளினேன். துப்பறிபவருக்கு வேலையே இல்லை. ஓர் அத்தியாயம் முழுக்க அவர் மூக்குக் கண்ணாடியைப் பழுதுபார்க்கப் போயிருந்தார். 'இவரைச் சாகடிக்கப் போகிறீர்களா, எங்களையா?' என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார்.

ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். "அக்கா, துப்பறியும் தொடர்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கோம். யாராவது செத்துதானே ஆகணும்?"

"அவரு நல்ல மனுஷன்ங்க" என்றார் அக்கா.

"யாரு?"

"அந்தத் தொழிலதிபர்தான்."

ஆசிரியர், வருகிற இதழுக்குப் பிணம் வராவிட்டால் தொடரை நிறுத்திவிட்டு அந்தப் பக்கங்களில் தோட்டக் குறிப்பு போடப்போவதாகச் சொன்னார். அடுத்த தொடர் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றார். பிறகு பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

அக்கா முயற்சி செய்யாமல் இல்லை. மாமாவின் பழைய சட்டைக்குள் தலையணைகளைத் திணித்துத் தரையில் போட்டார். ஒரு நிமிடம் பார்த்தார். உடனே அதை எடுத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். நான் படுக்கட்டுமா என்று கேட்டேன். படுத்தும் காட்டினேன். "உனக்கு விழத் தெரியலப்பா. தூங்கத்தான் தெரியுது" என்றார். பிறகு பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: "கதைல ஒருத்தன் விழுந்தா, இவன் நெஜமாவே செத்துட்டானான்னு குனிஞ்சு பார்க்கத் தோணுது. பார்த்தா உயிர் இருக்கு. அப்புறம் எப்படிக் கொல்றது? இது வராம போச்சுன்னா எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு." நூற்றுக்கணக்கில் கொன்றவர், ஒரே ஒரு ஆளைக் கொல்ல முடியாமல் அப்படி உட்கார்ந்திருந்தார்.

கெடு முடிகிற நாள் காலையில் நான் போனபோது அக்கா மேஜையருகே வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். என்னைப் பார்த்து, "வந்துட்டியா? பென்சிலை எடு" என்றார். சோபாவைப் பிடித்துக்கொண்டு, முதலில் ஒரு முட்டி, பிறகு இன்னொரு முட்டி, பிறகு உடம்பு என்று தவணை முறையில் இறங்கி, தரையில் மல்லாந்து படுத்தார்.

அக்கா பாய்ந்து எழுந்தார். "எந்திரிங்க."

"முடியாது."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஓய்வெடுக்கச் சொன்னாரு. படுத்திருக்கேன்ல?"

"விளையாடாதீங்க. எந்திரிங்கன்னா எந்திரிங்க."

"செத்தவன் எப்படி எந்திரிப்பான்?" என்று மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கடைசியில் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார். "அன்னைக்கு நீங்க உயிருக்குப் போராடிக்கிட்டு கெடந்தீங்க. நான் உங்களை அளந்துக்கிட்டு நின்னேன்."

"தெரியும். கேட்டுக்கிட்டுதானே கெடந்தேன்."

"அசையாதீங்கன்னு வேற சொன்னேன்."

"சொன்னே. இரு, நான் சொல்றதையும் கேளு." மாமா கண்ணைத் திறக்காமலே சொன்னார். "வேற எவளா இருந்தாலும் என்ன பண்ணியிருப்பா? இந்த மனுஷன் தரையில தூங்கறாரேன்னு ஒரு போர்வையைப் போட்டுட்டுப் போயிருப்பா. நீ அளந்தே. அளந்ததாலதான் குனிஞ்சே. குனிஞ்சதாலதான் வேர்வையைப் பார்த்தே. இதுல தப்பு எங்க இருக்குன்னு நீயே துப்பறிஞ்சு சொல்லு."

அக்கா துப்பறிந்தார். அவர் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. முதலிலிருந்து கடைசி வரை போய், மறுபடி கடைசியிலிருந்து முதல் வரை வந்தார். ஓட்டை எதுவும் அகப்படவில்லை போலிருக்கிறது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பினார். தாள் செருகிய அட்டையையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு மாமாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவருக்கு முட்டி வலி. தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"மூச்சைக் கொஞ்சம் சத்தமா விடுங்க" என்றார்.

"பிணம்டி நான்."

"எனக்குக் கேக்கணும். சத்தமா விடுங்க."

மாமா பேருந்தின் ஏர் பிரேக் போல ஒரு மூச்சு விட்டார். அக்கா எழுத ஆரம்பித்தார். வலது கை நிற்காமல் ஓடியது. தொழிலதிபர் காரருகே போனார், கார்க்கதவைத் திறந்தார், பின்னால் யாரோ வந்தார்கள். நாலாவது வரியிலேயே ஆள் காலி. நான் அவசர அவசரமாக வரையத் தொடங்கினேன். தலை வந்தது, தோள் வந்தது, கால்கள் வந்தன. கைக்கு வந்தபோது பென்சில் நின்றது. மாமாவின் வலது மணிக்கட்டு அக்காவின் இடது கைக்குள் இருந்தது. நாடி துடிக்கும் இடத்தில் இரண்டு விரல்கள் அழுத்தமாகப் பதிந்திருந்தன.

"அக்கா, படத்துக்கு அந்தக் கை வேணும். கொஞ்சம் விடறீங்களா?" என்றேன்.

அக்கா எழுதுவதை நிறுத்தவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"இன்னொரு கை சும்மாதானே இருக்கு" என்றார். "அதைப் போட்டுக்கோ."